ஓசாப் கடன் கட்டத் திணறுகிறவர்களுக்கு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஓசாப் என்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து மாணவர் உதவித் திட்டம், அதில் எடுத்த கடனைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அங்கே ஒரு கல்லூரியின் மாணவர் நிதி உதவி மேசையில் பதினொரு வருடம் இருந்தேன். இப்போது மார்ச், ஏப்ரல் வந்தால் வரிக்கணக்கு செய்து கொடுக்கிறேன். அதற்கெல்லாம் முன்னால் நானே கடன்காரியாக இருந்தவள், அந்தக் கதை கீழே வரும். கேள்விகள் நிறைய வந்துவிட்டன, ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஸ்கார்பரோ, 26 வயது): அக்கா, மாணவர் கடனுக்கு இனி வட்டியே கிடையாது என்றார்கள். எனக்கு 28,000 டாலர் கடன். ஆனால் ஒவ்வொரு மாதமும் வட்டி என்று ஒரு தொகை போகிறதே, எப்படி?

பதில்: பாதிச் செய்திதான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது தங்கச்சி. ஓசாப் ஒரே கடன் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இரண்டு பேருடைய காசு இருக்கிறது, ஒன்று மத்திய அரசு, மற்றது ஒன்ராறியோ. 2023 ஏப்ரல் 1 முதல் வட்டி நின்றது மத்திய அரசின் பாகத்துக்கு மட்டும்தான். ஒன்ராறியோ தன் பாகத்துக்கு பிரைம் என்கிற வங்கிகளின் அடிப்படை வட்டி வீதத்தோடு இன்னொரு சதவீதம் கூட்டி வட்டி போடுகிறது. பொதுவாக அறுபதுக்கு நாற்பது என்று பிரிந்திருக்கும், உங்களுடையதை ஆன்லைன் கணக்கில் பாருங்கள். அப்படியென்றால் 28,000இல் 11,200க்கு வட்டி ஓடுகிறது. 2025 கோடையில் பிரைம் 4.95, அப்போது உங்களுக்கு 5.95 சதவீதம், மாதம் கிட்டத்தட்ட 55 டாலர். 2023, 2024இல் பிரைம் 7.20 வரை போய் நின்றபோது அதே தொகைக்கு மாதம் 76 டாலர் போயிருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியா 2019 பெப்ரவரியிலேயே தன் பாகத்து வட்டியை எடுத்துவிட்டது. இங்கே அதே 2019இல், படிப்பு முடிந்து வரும் ஆறு மாத சலுகைக் காலத்துக்கும் சேர்த்து வட்டி போட ஆரம்பித்தார்கள். எனக்கு இதில் இன்னும் கோபம்தான், சரி, அதை விடுவோம்.

அந்த ஆறு மாதத்தில் யாரும் உங்களைக் கட்டச் சொல்லி அழைக்கமாட்டார்கள். அதற்காக ஒன்ராறியோ பாகம் தூங்குகிறது என்று நினைக்காதீர்கள்.

கேள்வி (மார்க்கம், ஓர் அப்பா): மகளுக்கு 34,000 கடன். கடன் என்ற சொல்லே வீட்டில் இருக்கக்கூடாது என்று நினைக்கிறேன். வீட்டை ஈடு வைத்து வேண்டும்போது எடுக்கிற லைன் ஆஃப் கிரெடிட் என்ற வங்கிக் கடன் இருக்கிறது, அதில் எடுத்து ஒரேயடியாக அடைத்துவிடலாமா?

பதில்: அண்ணா, உங்கள் மனம் விளங்குகிறது, ஆனால் செய்யாதீர்கள். 34,000இல் சுமார் 20,000 வட்டியில்லாக் கடன். அதை வீட்டுக் கடனுக்கு மாற்றினால், வட்டி இல்லாத இடத்திலிருந்து வருடம் ஆயிரம் டாலர் அளவில் வட்டி உள்ள இடத்துக்கு நீங்களே தூக்கிக்கொண்டு போய் வைக்கிறீர்கள். அது மட்டுமல்ல. அரசாங்கக் கடனாக இருக்கும்வரை, மகளுக்கு வேலை போனால் ராப் என்கிற திருப்பிச் செலுத்தல் உதவித் திட்டம் இருக்கிறது. வங்கிக்கு மாற்றிய மறுநாள் அது இல்லை. வரிக்கணக்கில் 31900ஆம் இலக்கத்தில் மாணவர் கடன் வட்டியைக் காட்டி வரியைக் குறைக்கிறோமே, வங்கிக் கடனுக்கு அதுவும் இல்லை.

கையில் ரொக்கமாகக் காசு இருந்தால் ஒன்ராறியோ பாகத்தை மட்டும் அடைக்கப் பாருங்கள். கூடுதலாகக் கட்டும் காசு எந்தப் பாகத்துக்குப் போகிறது என்பதைக் கட்டுவதற்கு முன்னால் தேசிய மாணவர் கடன் சேவை மையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பிரித்துப் போட்டுவிட்டால் நீங்கள் நினைத்தது நடக்காது.

கேள்வி (பிரம்ப்டன், 24): கிடங்கில் வேலை, ஒப்பந்தம்தான், வருடம் 31,000 அளவில் வரும். தனி ஆள். மாதம் 230 கட்டச் சொல்கிறார்கள். முடியவில்லை.

பதில்: தம்பி, நீங்கள் ஒன்றுமே கட்டத் தேவையில்லாமல் இருக்கலாம். 2022 நவம்பரிலிருந்து தனி ஆளின் மொத்த வருமானம் வருடம் 40,000க்குக் கீழே என்றால், மத்திய அரசின் பாகத்துக்கு ராப்பில் மாதத் தவணை பூச்சியம். அதற்கு முன் அந்த எல்லை 25,000தான். ஒரே விண்ணப்பம் இரண்டு பாகத்துக்கும் போகும். முதல் கட்டத்தில் நீங்கள் கட்டாத வட்டியை அரசாங்கங்கள் பார்த்துக்கொள்ளும், அதனால் கடன் வளராது. ஐந்து வருடம் ராப்பில் இருந்தாலோ, படிப்பை விட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டாலோ இரண்டாம் கட்டம், அதில் முதலையும் அவர்கள் குறைக்கத் தொடங்குவார்கள். படிப்பை விட்டுப் பதினைந்து வருடத்தில் மிச்சம் எதுவும் இல்லாமல் முடியும். உடற்குறை உள்ளவர்களுக்குப் பத்து வருடம்.

எத்தனையோ பிள்ளைகள் என் மேசைக்கு வந்து, கிரெடிட் கார்டில் எடுத்து ஓசாப் கட்டுகிறேன் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். இருபது சதவீத வட்டியில் எடுத்து இதைக் கட்டுவது! விண்ணப்பித்திருந்தால் மாதம் பூச்சியம் வந்திருக்கும். ராப் தானாக வராது தம்பி, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: நான் கேட்டேன், கிடைத்தது. ஆறு மாதம் கழித்துத் திடீரென்று வங்கிக் கணக்கிலிருந்து 260 டாலர் எடுத்துவிட்டார்கள். வாடகைக் காசு அது, காசோலை திரும்பிவிட்டது. ஏன்?

பதில்: ராப் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டியது. புதுப்பிக்காவிட்டால் பழைய தவணை மறுபடி ஓடத் தொடங்கும், வங்கியும் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடும். இந்தத் திட்டத்தில் அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். போனில் ஐந்தாவது மாதத்துக்கு அலாரம் வையுங்கள், ஆறாவது மாதத்துக்கு அல்ல. சம்பளச் சீட்டு தேடி எடுக்கவே ஒரு கிழமை போய்விடும்.

கேள்வி (ஸ்கார்பரோ, 29): எனக்கு 47,000 சம்பளம். பேஸ்மென்ட் வாடகை 1,700, பஸ், சாப்பாடு, ஊருக்கு அனுப்புகிற காசு. இதையெல்லாம் ராப் கணக்கில் எடுக்குமா?

பதில்: எடுக்காது. வருமானம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர் என்றுதான் பார்க்கும். ரொறன்ரோவில் 1,700 கொடுக்கிறவருக்கும் சின்ன ஊரில் 800 கொடுக்கிறவருக்கும் ஒரே கோடு. அநியாயம்தான், ஊருக்கு அனுப்புகிற காசைச் சொன்னால் மேசையின் அந்தப் பக்கம் இருப்பவருக்கு விளங்கவும் விளங்காது. 40,000க்கு மேல் போகப் போகத் தவணை படிப்படியாக ஏறும், ஆனால் வருமானத்தின் 10 சதவீதத்தைத் தாண்டாது. விண்ணப்பித்துப் பாருங்கள், காசா பணமா. சரிவரவில்லை என்றால் தவணைக் காலத்தை நீட்டச் சொல்லுங்கள். வழக்கமாக 114 மாதம், 174 மாதம் வரை நீட்டலாம். கடன் 28,000 என்றால் முதல் மட்டும் மாதம் 245இலிருந்து 161க்கு இறங்கும். ஒன்ராறியோ பாகத்தின் வட்டி நீளும் என்பது உண்மை, ஆனால் இந்த மாதம் மூச்சுவிடுவதுதான் உங்களுக்கு முக்கியம்.

கேள்வி (பெயர் வேண்டாம்): எனக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள். நான் ராப்பில் இருக்கிறேன். கடன் இருப்பதை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டுமா?

பதில்: நகையைப் பற்றி மூன்று மணி நேரம் கதைக்கிறார்கள், இதைப் பற்றி மூன்று நிமிடம் கதைக்கக்கூடாதா? மாப்பிள்ளை வீட்டை விடுங்கள், மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். ஏனென்றால் பதிவு செய்ததும் ராப் இருவருடைய வருமானத்தையும் சேர்த்துத்தான் பார்க்கும். அவருக்கு 70,000 என்றால் உங்கள் பூச்சியம் போய்விடும். அடுத்த புதுப்பித்தலின்போது, ஏன் திடீரென்று மாதம் இவ்வளவு போகிறது என்று அவர் கேட்கும்போது சொல்வதைவிட இப்போது சொல்வது லேசு. அவருக்கும் மாணவர் கடன் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (ஏஜாக்ஸ்): ஒரு வருடமாகக் கட்டவில்லை. இப்போது வரி அலுவலகத்திலிருந்து கடிதம். அரசு தருகிற ஜி.எஸ்.டி சலுகைக் காசும் வரவில்லை. ராப் கேட்டால் தர மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: ஒன்பது மாதம், அதாவது 270 நாள் கட்டாமல் விட்டால் மத்திய அரசின் பாகம் வசூலுக்காக சி.ஆர்.ஏ.வுக்கு, அதாவது மத்திய வரி அலுவலகத்துக்குப் போகும். அவர்கள் உங்கள் வரித் திருப்பிக் காசையும் ஜி.எஸ்.டி காசையும் பிடித்துக்கொள்ளலாம். அந்த நிலையில் ராப் இல்லை, புதிய மாணவர் உதவியும் இல்லை. ஆனால் திரும்பி வர வழி உண்டு. சி.ஆர்.ஏ.வை அழைத்து, கடனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு மாதத் தவணைக்குச் சமமான தொகையைக் கட்டி, பாக்கி வட்டியைத் தீர்த்தால் அல்லது முதலோடு சேர்க்கச் சொன்னால், கடன் மறுபடி சேவை மையத்துக்கு வரும். வந்த அன்றே ராப்புக்கு விண்ணப்பியுங்கள். ஒன்ராறியோ பாகம் தனி, அதை யார் வசூலிக்கிறார்கள் என்று தனியாகக் கேட்டு அதையும் சரிசெய்யுங்கள். ஒன்றைச் சரிசெய்துவிட்டு முடிந்தது என்று இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி என் கதை. படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் இரண்டு பேஸ்மென்ட் மாறினேன், விலாசம் மாற்றவில்லை. பழைய வீட்டுக்கார அம்மா நல்லவர், எனக்கு வந்த கடிதங்களையெல்லாம் அரிசி வாங்கிய பையில் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் கோவிலில் கண்டு கையில் தந்தார். எண்ணிப் பார்த்தேன், பதினேழு. முதல் நாலைந்தும் மிக மரியாதையாக, உங்களுக்குச் சிரமமா, எங்களை அழையுங்கள் என்றுதான் எழுதியிருந்தார்கள். பதினொன்றாவதிலிருந்து குரல் மாறிவிட்டது. அப்போது ராப் இல்லை, அது 2009இல்தான் வந்தது, ஆனால் வட்டிச் சலுகை என்று ஒன்று இருந்தது, எனக்குத் தெரியாது. தெரிந்தபோது தகுதி போயிருந்தது. இரண்டு வருடம் வரித் திருப்பிக் காசைக் கண்ணால் காணவில்லை.

கேள்வி: திவாலானால் ஓசாப்பும் போய்விடுமா?

பதில்: மாணவனாக இருப்பதை விட்டு ஏழு வருடம் ஆகியிருந்தால்தான். அதற்குள் என்றால் மற்றக் கடன்கள் போகும், இது நிற்கும். ஐந்து வருடத்துக்குப் பிறகு, கடும் கஷ்டம் என்று நீதிமன்றத்தில் கேட்கலாம், அது லேசானதல்ல. திவாலாகாமல், கடன் கொடுத்தவர்களோடு பேசி ஒரு பகுதியை மட்டும் கட்டுகிற கன்ஸ்யூமர் புரபோசலுக்கும் அதே ஏழு வருடம். இடையில் திரும்பவும் ஒரு கோர்ஸ் எடுத்திருந்தால் அந்த ஏழு எங்கிருந்து தொடங்குகிறது என்பதில் வில்லங்கம் வரும், திவால் விவகாரம் பார்க்கும் உரிமம் உள்ள டிரஸ்டியிடம் முதலில் அதைத்தான் கேளுங்கள்.

கேள்வி: திரும்பப் படிக்கிறேன், இருந்தும் தவணை கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: முழுநேரம் என்றால் பாடச்சுமை 60 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒரு பாடத்தை விட்டீர்களா? விடவில்லை என்றால், இந்தத் தடவை ஓசாப் எடுக்காததால் நீங்கள் படிப்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கும். கல்லூரியிடம் சேர்க்கை உறுதிப்படுத்தல் வாங்கி அனுப்புங்கள்.

கேள்வி: நான் நர்ஸ். நர்ஸ்மாருக்குக் கடன் தள்ளுபடி என்கிறார்களே?

பதில்: உண்டு, ஐந்து வருடத்தில் 30,000 வரை, குடும்ப மருத்துவர்களுக்கு 60,000 வரை. ஆனால் மத்திய அரசின் பாகத்துக்கு மட்டும், அதுவும் சனத்தொகை 30,000க்கு மேற்படாத சின்ன ஊர்களில் வேலை செய்ய வேண்டும். ஸ்கார்பரோவில் நைட் ஷிஃப்ட் செய்தால் கிடையாது. வடக்கே போக யோசிப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்து யோசியுங்கள்.

கேள்வி: துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. போய்விட்டால்?

பதில்: கடன் உங்களோடு விமானம் ஏறும், ராப் ஏறாது. கனடாவில் வசிப்பவர்களுக்குத்தான் ராப். தவணை போக ஒரு வங்கிக் கணக்கை இங்கே திறந்து வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஒரு நிறுவனம் 600 டாலர் கொடுத்தால் மாணவர் கடனைத் தள்ளுபடி செய்து தருகிறோம் என்கிறது.

பதில்: ராப் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உங்கள் சின் இலக்கத்தை, அதாவது சமூகக் காப்புறுதி இலக்கத்தை ஏற்கனவே கொடுத்துவிட்டீர்களா? அப்படியென்றால் இன்றே உங்கள் ஆன்லைன் கடன் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

கேள்வி: அக்கா, இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. போன வருடம் தம்பி தவறிவிட்டான். அவன் பெயருக்கு இன்னும் ஓசாப் கடிதம் வருகிறது. அம்மா அதைப் பார்த்து அழுகிறா. நாங்கள் கட்ட வேண்டுமா?

பதில்: இல்லையம்மா. கடன் எடுத்தவர் இறந்தால் அரசாங்க மாணவர் கடன் அவரோடு முடிந்துவிடும், அம்மாவோ நீங்களோ கட்ட வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழின் பிரதியைச் சேவை மையத்துக்கு அனுப்புங்கள், கடிதம் நிற்கும். வங்கியில் தனியாக மாணவர் லைன் ஆஃப் கிரெடிட் எடுத்து அதில் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு கதை, எனக்குத் தனியாக எழுதுங்கள். சேவை மையத்தை அழைக்க உங்களுக்கு மனம் வராவிட்டால் சொல்லுங்கள், சனிக்கிழமை காலை நான் வந்து பக்கத்தில் இருக்கிறேன்.

கேள்வி: என்னிடமும் ஒரு பை நிறையக் கடிதம் இருக்கிறது. திறக்கப் பயமாக இருக்கிறது.

பதில்: எல்லாவற்றையும் திறக்க வேண்டாம். உறையின் மேல் முத்திரைத் தேதி இருந்தால் பார்த்து, கடைசியாக வந்ததை மட்டும் திறவுங்கள். யார் அனுப்பியது, சேவை மையமா சி.ஆர்.ஏ.வா என்று மட்டும் பார்த்து இங்கே எழுதுங்கள். தொகையைப் பார்க்க வேண்டாம். சேவை மையம் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது.