செம்பனைக்கு உரம் போடுகிறார்களே, பிளவு எங்கே?

உரம் வாங்கிப் போட வேண்டியிருப்பதே பிளவுக்கு அடையாளம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் தவறாமல் உரம் போடும்போது மார்க்ஸின் வளர்சிதை மாற்றப் பிளவை (மண்ணுக்கும் மனிதருக்கும் இடையிலான சத்துச் சுழற்சி அறுபடுவதை) எப்படிப் பொருத்துவது என்று கேட்டிருந்தீர்கள். பிளவு என்றால் மண் மலடாவது என்று மட்டும் எடுத்துக்கொண்டதால் சிக்கியிருக்கலாம். ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக்கைப் படித்த மார்க்ஸ், 1867-இல் வந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியில் சொன்னது, விளைச்சலோடு நகரத்துக்குப் போன சத்து வயலுக்குத் திரும்பாததை. அந்தக் குறையை இங்கிலாந்து பெரு நாட்டுக் குவானோவால் (கடற்பறவை எச்ச உரம்) நிரப்பியது. அதை அள்ளியவர்களில் சீனக் கூலிகள் ஏராளம். நம் பாட்டன்மார் சஞ்சிக்கூலியாக (ஒப்பந்தக் கூலியாக) மலாயாவுக்கு வந்ததும் அதே நூற்றாண்டில்தான். இதை உங்கள் கட்டுரையில் கட்டாயம் எழுதுங்கள்.

சரி, நேரில் பார்க்க இரண்டு:

1. தோட்டத்து ஸ்டோரில் பொட்டாஷ் (சாம்பல் சத்து உரம்) மூட்டையில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது? கனடா, ரஷ்யா போல ஏதாவது இருக்கும்.
2. ஆலையில் பழம் உதிர்த்த வெறும் குலை எங்கே போகிறது?

ஒரு எச்சரிக்கை. அந்தக் குலையைத் தோட்டத்துக்கே திருப்பிப் போடும் நிர்வாகங்கள் உண்டு. எண்ணெயோடு பொட்டாஷ் அதிகம் போவதும் இல்லை. ஆகவே ‘சத்தெல்லாம் ஏற்றுமதியாகிறது’ என்று எழுதாதீர்கள். ஆலைக் கழிவுநீர் யார் ஆற்றில் கலக்கிறது, ஏறும் வெயிலில் குலை வெட்டுபவர் யார் என்பதில் உங்கள் வாதம் இன்னும் வலுவாக நிற்கும்.