வேலை மாறும் காலத்தில் செஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கணக்குத் துறையிலிருந்து மென்பொருளுக்கு மாறிக்கொண்டிருக்கிறேன். பகலில் வேலை, இரவில் படிப்பு. செஸ்ஸுக்கு நாளொன்றுக்கு இருபது நிமிடம்தான் மிஞ்சுகிறது. அதில் என்ன செய்வது?

பதில்: இருபது நிமிடம் போதும், அதை பிளிட்ஸ் என்கிற அதிவேக ஆட்டங்களில் கரைக்காமல் இருந்தால். ஆட்டம் குறையும்போது முதலில் மழுங்குவது கணக்கிடும் திறன். நான் இதை ஆடினால் அவர் என்ன ஆடுவார், அதற்கு என் பதில் என்ன, அப்புறம் அவர் என்ன செய்வார் என்று காயைத் தொடாமல் மனதிலேயே ஓட்டிப் பார்ப்பது. மறந்த ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, ஒரு மாலையில் புரட்டி மீட்டுவிடலாம். இதை அப்படி மீட்க முடியாது.

ஆகவே வார நாட்களில் மூன்று நான்கு பசில்கள் போதும், ஆனால் சற்றுக் கடினமானவை. எதிரியின் நல்ல தற்காப்புக்கும் விடை கண்டபிறகே முதல் காயை நகர்த்துங்கள். முதல் நகர்த்தல் பளிச்சென்று தெரிந்ததும் ஆடிப் பார்க்கிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கிறது. அதனால் வளர்வது யூகம், கணக்கு அல்ல. தவறவிட்ட பசில்களைக் குறித்து வைத்து அடுத்த வாரம் மறுபடி போடுங்கள்.

வார இறுதியில் ஒரே ஒரு நிதானமான ஆட்டம். 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் என்று வைத்துக்கொண்டால், 60 நகர்த்தல் போனாலும் 50 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் எஞ்சினை, அதாவது ஆட்டத்தை அலசிச் சொல்லும் செஸ் மென்பொருளை, திறக்காதீர்கள். எங்கே திணறினீர்கள், எங்கே ஆட்டம் கை மாறியது, அப்போது என்ன நினைத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். பிறகு எஞ்சினைப் பாருங்கள். அது சொல்வதும் நீங்கள் எழுதியதும் எங்கே முரண்படுகிறதோ, அடுத்த வாரம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: வேலை முடிந்த களைப்பில் புல்லட் ஆடுகிறேன். ரேட்டிங் சரிந்துவிட்டது. திறமையே போய்விட்டதா?

பதில்: இல்லை. களைத்த மூளையின் ஒரு நிமிட ஆட்டங்கள் உங்கள் செஸ்ஸை அளக்காது. ஆசைக்கு ஆடுங்கள், ரேட்டிங் கணக்கில் சேராத முறையில். தொடர்ந்து இரண்டு தோற்றால் மூடிவிட்டுத் தூங்கப் போங்கள்.

கேள்வி: நேரம் குறைவு என்பதால் ஓப்பனிங்கையாவது புதுப்பிக்கலாம் என்று சிசிலியன் நஜ்டார்ஃப் எடுத்தேன். சரியான முடிவா?

பதில்: இப்போது வேண்டாம். நஜ்டார்ஃபில் ஒரு நகர்த்தல் மறந்தாலே ராஜாவுக்கு ஆபத்து வரக்கூடிய கிளைகள் நிறைய. இடைவிடாமல் படிக்கிறவர்களுக்கு அது பொருந்தும். உங்களுக்குப் பழகிய கரோ-கானோ லண்டன் சிஸ்டமோ எதுவானாலும் அப்படியே இருக்கட்டும்.

படித்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் எண்ட்கேம் எடுங்கள், அதாவது சில காய்களே மிஞ்சும் இறுதிக் கட்டம். அது பழசாவதில்லை. யானை எண்ட்கேமில் சிப்பாய் வைத்திருப்பவர் வெல்லும் லூசினா, தற்காக்கிறவர் டிரா செய்யும் பிலிடார் என்ற இரண்டு நிலைகளும் கட்டாயம். பிலிடாரில் நீங்கள் தற்காக்கிறவர்: எதிரியிடம் யானையும் ஒரு சிப்பாயும், உங்களிடம் யானை மட்டும், உங்கள் ராஜா சிப்பாயின் வழியை மறித்து நிற்கிறது. யானையை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் நிறுத்தினால் எதிரி ராஜா முன்னேற முடியாது. அவர் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளியதும் உங்கள் யானையைப் பலகையின் மறு கோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருங்கள். சிப்பாய் முன்னே வந்துவிட்டதால் அவர் ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை. ஆட்டம் டிரா. காரணம் ஒருமுறை புரிந்துவிட்டால், ஆறு மாதம் பலகையைத் தொடாவிட்டாலும் மறக்காது.

கேள்வி: புதிய வேலை நிலைபெறும் வரை ஒன்றரை வருடம் போட்டிகளுக்குப் போக முடியாது. ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் போய்விடுமா? திரும்பி வர முடியுமா என்றே பயமாக இருக்கிறது.

பதில்: ரேட்டிங் போகாது. ஒரு வருடம் ரேட்டிங் ஆட்டம் எதுவும் ஆடாவிட்டால் 'செயல்படாதவர்' என்று குறிப்பார்கள், அவ்வளவுதான். எண் அப்படியே இருக்கும். மறுபடி ஆடினால் அந்தக் குறி நீங்கிவிடும்.

பயத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். மிகயீல் போட்வின்னிக் 1948-ல் உலக சாம்பியன் ஆனபிறகு, மின்பொறியியல் முனைவர் பட்டத்துக்காக உழைத்து, 1951 வரை பொதுப் போட்டி எதிலும் ஆடவில்லை. அப்படியே நேராக டேவிட் பிரான்ஸ்டைனுக்கு எதிரான பட்டப் போட்டிக்கு வந்தார். அது எளிதாக இல்லை. 12-12 என்று சமன் செய்துதான் பட்டத்தைக் காத்தார். ஆனால் காத்தார்.

நீங்கள் திரும்பும்போது முதல் போட்டியில் எல்லாச் சுற்றும் ஆட வேண்டும் என்று நினைக்காதீர்கள். தோற்றாலும் வெளியேறாமல் எல்லாச் சுற்றிலும் தொடரும் சுவிஸ் முறைப் போட்டிகள் பலவற்றில் முன்கூட்டியே கேட்டால் ஒரு சுற்றுக்கு அரைப் புள்ளி 'பை' கொடுப்பார்கள், அதாவது அந்தச் சுற்றை ஆடாமலே அரைப் புள்ளி. நடுவரிடம் முதல் சுற்றுக்கு முன்பே கேட்டு, மாலையில் வரும் நீண்ட சுற்றுக்கு அதை வாங்கிக்கொள்ளுங்கள்.