மெரினா லூப் சாலை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மெரினா கடற்கரையைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் நோக்கிச் செல்லும் லூப் சாலையில் 2023-ஆம் ஆண்டு மீன் கடைகள் அகற்றப்பட்டதை ஓர் அநீதி என்றே அதில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நான் மந்தைவெளியில் பிறந்து வளர்ந்தவள். சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசல் உங்களுக்குத் தெரியும். மெட்ரோ பணிகள் தொடங்கிய பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. எங்களுக்கு இருக்கும் மாற்று வழி லூப் சாலை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கடந்து செல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. சாலையோரக் கடைகள், கண்ட இடத்தில் நிறுத்திய இருசக்கர வண்டிகள், மீன் கழுவிய தண்ணீர். எழுபது வயதைக் கடந்த என் தந்தை கடற்கரைக்கு நடந்து போகவே தயங்குகிறார். இப்போது அரசு ஏறத்தாழ 15 கோடி ரூபாய் செலவில் மீன் அங்காடியும் கட்டிக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் சாலையில் விற்பதை எப்படி நியாயப்படுத்துகிறீர்கள்? கடற்கரை எல்லோருக்கும் பொது என்றால் அதில் ஒரு சமூகத்துக்கு மட்டும் முன்னுரிமை ஏன்? நகர வளர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் மீனவர் குப்பத்து மக்களின் கருத்தை மட்டுமே உள்ளூர்க் கருத்து என்று குறிப்பிடுகிறீர்கள். அதே பகுதியில் வாழ்ந்து வரி கட்டும் எங்களுடையது உள்ளூர்க் கருத்து இல்லையா?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மந்தைவெளி

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுடையதும் உள்ளூர்க் கருத்துதான். ஒவ்வொரு நாளும் அந்தச் சாலையைக் கடக்கிறவர், வயதான தந்தையைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறவர், அந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்று பேச முழு உரிமை உள்ளவர். மீன் கழுவிய நீர் தேங்குவது, நடக்க இடமில்லாதது ஆகிய இரண்டு குறைகளும் உண்மையானவை. அங்கே விற்கும் பெண்களிடம் பேசிப் பாருங்கள். அவர்களும் முதலில் சொல்வது தண்ணீர்க் குழாயும் கழிவறையும் இல்லாமல் பட்ட பாட்டைத்தான்.

நான் உங்களோடு வேறுபடுவது ஒரே இடத்தில். சாலை என்று ஒன்று முன்பே இருந்தது, அதில் மீன் கடைகள் வந்து அமர்ந்துகொண்டன என்ற எண்ணத்திலிருந்து உங்கள் வாதம் தொடங்குகிறது. அந்த நிலத்தில் எது முன்னால் வந்தது என்று பார்த்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது.

இன்று நாம் உலவும் மெரினாவின் அகன்ற மணற்பரப்பு பழைய சென்னையில் கிடையாது. 1870-களில் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கி, அதன் சுவர்கள் கடலுக்குள் நீண்ட பிறகு, ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரம் நகரும் மணல் தடுக்கப்பட்டுத் துறைமுகத்துக்குத் தெற்கே குவிந்தது. அந்த மணல் போய்ச் சேராத ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வடசென்னைக் கரை அரிக்கப்பட்டது. ஆளுநர் கிராண்ட் டஃப் இங்கே உலாவும் சாலை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டது 1884-ஆம் ஆண்டை ஒட்டி. மீன்பிடிப்போரின் ஊர்களோ, 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் பெறுவதற்கு முன்பிருந்தே இந்தக் கரையில் இருப்பவை. நாம் மாலையில் காற்று வாங்கப் போகும் இடத்துக்கு ஏறத்தாழ 140 ஆண்டு வரலாறு. அதே கரையில் அவர்களுடைய தொழிலுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட வரலாறு. பழமை ஒன்றே உரிமையாகிவிடாது என்று நீங்கள் சொல்லக்கூடும். சரிதான். ஆனால், தங்கள் ஊருக்குள் புதிதாக வந்த ஒன்றுக்கு அவர்கள் இடையூறு செய்கிறார்கள் என்று சொல்வதற்கு முன் இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

லூப் சாலையில் நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நொச்சிக்குப்பத்திலும் அதற்குத் தெற்கே உள்ள குப்பங்களிலும் சாலையின் மேற்கே வீடுகள், கிழக்கே மணலில் படகுகள். வீட்டுக்கும் தொழிலிடத்துக்கும் நடுவே வண்டிகள் விரைகின்றன. விடியுமுன் கடலுக்குப் போன ஃபைபர் படகு காலையில் கரையேறியதும், வலையை அப்படியே மணலுக்கு இழுத்து வந்து விரித்து, குடும்பமே சுற்றி உட்கார்ந்து கண்ணி கண்ணியாக மீனை எடுக்கும். நண்டு வலையாக இருந்தால், கொடுக்கு ஒடியாமல் ஒவ்வொரு நண்டாக விடுவிக்க வேண்டும். ஒடிந்த நண்டுக்கு விலை குறைவு. எடுத்த மீனைப் பெண்கள் கூடையில் வாங்கிக்கொண்டு சாலையோரத்துக்கு வருகிறார்கள். சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி, காரப்பொடி என்று அன்றைக்குக் கடல் கொடுத்தது பலகையில் குவிந்திருக்கும்; பெரும்பாலும் ஐஸ் படாத மீன். மயிலாப்பூரிலிருந்தும் ராயப்பேட்டையிலிருந்தும் மக்கள் வண்டி எடுத்துக்கொண்டு அங்கே வருவது இதற்காகத்தான். கடலுக்குப் போவது ஆண்கள் என்றாலும், மீனைப் பணமாக்குவது பெண்கள். கணவனை இழந்த பின்னும் பலகை போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் அங்கே பலர். வலை உலர்த்தவும் பழுது பார்க்கவும் படகை ஏற்றி வைக்கவும் மீனை விற்கவும் அவர்களுக்கு அந்தக் கரை ஒன்றாகவே வேண்டும். சாலையாக நாம் பார்க்கும் நிலம் அவர்களுக்கு அந்தத் தொழிலிடத்தின் ஒரு பகுதி.

2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சாலை மறிபடுவது குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகுகளையும் வலைகளையும் சாலையில் போட்டுப் போராடினார்கள். அந்த மாதத்தின் முக்கியத்துவத்தை நகரத்தில் பலர் கவனிக்கவில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதங்களில்தான் சிறு படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். அந்தக் காலம் தொடங்கும் வாரத்தில் பலகைகளை அள்ளிக்கொண்டு போனது அவர்களுக்கு எவ்வளவு பெரிய அடி என்பது, தடைக்காலம் ஒன்று இருப்பதை அறிந்தவருக்கே புரியும். உள்ளூர்க் கருத்தைக் கேட்பது என்று நான் சொல்வது இத்தகைய விவரங்களையும் சேர்த்துத்தான். விருப்பு வெறுப்புகளை எண்ணி, அதிகம் பேர் கை தூக்கிய பக்கம் முடிவெடுப்பதை நான் சொல்லவில்லை. ஓர் இடத்தில் எந்த நேரத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்ற அறிவு அங்கே வாழ்பவர்களிடம் இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு வரைபடம் போட வேண்டும்.

மெரினாவில் இது முதல் தடவையும் அன்று. 1985-இல் கடற்கரையை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது மீனவர்கள் எதிர்த்தார்கள். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையிலிருந்து பல குடும்பங்கள் செம்மஞ்சேரிக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டன. கடலில் இறங்கிப் பிழைப்பவரைக் கடலிலிருந்து அவ்வளவு தொலைவில் வைத்தால், விடியுமுன் அவர் எந்தப் பேருந்தைப் பிடித்துப் படகுக்கு வருவார்? இந்த நினைவுகளோடு வாழும் மக்கள், சாலை என்றாலும் அழகுபடுத்தல் என்றாலும் முதலில் அச்சத்தோடு பார்ப்பதை வளர்ச்சிக்கு எதிரான பிடிவாதம் என்று நாம் சொல்லிவிடக் கூடாது.

ஒரு சமூகத்துக்கு மட்டும் முன்னுரிமை ஏன் என்று கேட்கிறீர்கள். அதற்குச் சட்டத்திலேயே அடிப்படை இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடற்கரை மேலாண்மை வரைபடங்களில் மீனவர் ஊர்களும், மீன் உலர்த்தும் இடம் உள்ளிட்ட அவர்களது பொது நிலங்களும் குறிக்கப்பட வேண்டும் என்றது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியும் வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. கடலோரத்தைத் தவிர வேறெங்கும் செய்ய முடியாத தொழிலைச் செய்கிறவருக்குக் கடலோரத்தில் முதலிடம் தருவதைச் சலுகை என்று நான் நினைக்கவில்லை. நமக்கு உலவ வேறு இடம் உண்டு, பட்டினப்பாக்கத்திலிருந்து கலங்கரை விளக்கத்துக்குப் போக வேறு வழியும் உண்டு, நெரிசலானதாக இருந்தாலும். அவர்களுக்கு வேறு கரை இல்லை.

இனி அங்காடி. 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அந்த அங்காடியில் 366 கடைகள் உள்ளன. மேற்கூரை, தண்ணீர், கழிவறை, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு, வண்டி நிறுத்துமிடம் எல்லாம் உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன்; வெயிலிலும் மழையிலும் குடைக்கடியில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் எல்லாக் கேள்விகளுக்கும் அதுவே விடை என்று எண்ணும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒவ்வொரு குப்பத்தின் படகும் அந்தந்தக் குப்பத்துக்கு நேரே உள்ள கரையில்தான் ஏறுகிறது; விற்பனையும் அதை ஒட்டியே வரிசையாகப் பரவியிருந்தது. அதை ஓரிடத்தில் குவித்தால், தொலைவில் இருப்பவள் கூடையைச் சுமந்து வர வேண்டும். அல்லது ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். நான் பேசிய ஒரு பெண்மணி சொன்னார்: “உள்ள கடை நல்லாத்தான் சார் இருக்குது. ஆனா வண்டில போறவங்க கண்ணுல மீனு பட்டாத்தானே நிப்பாங்க?” உள்வரிசைக் கடைக்கும் வாசலை ஒட்டிய கடைக்கும் வியாபாரத்தில் உள்ள வேறுபாட்டை எந்தச் சந்தையிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடைகளைச் சுழற்சி முறையில் ஒதுக்குவது, நடு நடுவே சிறு விற்பனை மேடைகளைக் குப்பந்தோறும் அமைப்பது போன்றவற்றை விற்கும் பெண்களோடு உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கலாம். கட்டடம் திறந்த பிறகும் அந்தப் பேச்சு தொடர வேண்டும்.

உங்கள் தந்தையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. இதே மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறக்கப்பட்டது. ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டும் போடப்பட்ட தற்காலிகப் பாதை போதாது, நாங்களும் எந்த நாளும் அலையைத் தொட வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் கேட்டதன் பயன் அது. டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, சரிசெய்தார்கள். சக்கர நாற்காலியில் வருபவர் கடலருகே போக முடிந்ததற்காக அங்கிருந்து வேறு யாரும் வெளியேற வேண்டியிருக்கவில்லை. முதியவர் நடப்பதற்கும் அப்படி ஒரு வழி கேட்போம். லூப் சாலையில் உங்கள் தந்தைக்கு உண்மையான இடையூறு எது என்று நின்று பாருங்கள். பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணை அவர் சுற்றிக் கடந்துவிட முடியும். வேகமாக வரும் காரைக் கடக்க முடியாது. குப்பத்துக் குழந்தைகளும் அதே காரைக் கடந்துதான் மணலுக்கு ஓடுகிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இது. மீன் கரையேறும் காலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமை முற்பகலிலும் லூப் சாலையைக் கடந்து செல்லும் வாகனங்களுக்கு மூடிவிட்டு, மீன் வாங்க வருபவருக்கும் நடப்பவருக்கும் மட்டும் திறந்து வைக்கலாம். மற்ற நேரங்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தி விடலாம். சாந்தோம் நெரிசலுக்கு இது எதிர் என்று போக்குவரத்துக் காவலர்கள் சொல்லக்கூடும்; ஆனால் ஞாயிறு காலையில் அலுவலக நெரிசல் இல்லை, சோதித்துப் பார்ப்பதில் இழப்பு அதிகமில்லை. அதோடு, மீனவர்களின் பொது நிலங்களைக் குறித்த வரைபடத்தைத் தமிழில், தெரு தெருவாக அடையாளம் தெரியும்படி வெளியிட வேண்டும். கடலோர மேம்பாலச் சாலைத் திட்டம் அவ்வப்போது எழுந்து அடங்கும் நகரம் இது. அந்த வரைபடம் இல்லாமல் அடுத்த திட்டத்தைப் பற்றி மந்தைவெளியும் நொச்சிக்குப்பமும் பேசத் தொடங்கினால், மறுபடியும் இப்போது போலவே ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

2022 முதல் நகர்ப்புறங்களில், பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் நடக்கின்றன. உங்கள் பகுதியின் அடுத்த கூட்டத்தில், உங்கள் தந்தைக்கு நடைவழி வேண்டும் என்பதையும் ஞாயிறு காலையில் சாலையை மூட வேண்டும் என்பதையும் ஒரே மனுவாக எழுதிக் கொடுங்கள். குப்பத்துச் சபையிலும் அதே மனு கொடுக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறேன். நீங்கள் எழுதி முடித்ததும் எனக்கு ஒரு படி அனுப்பினால், நான் அங்கே கொண்டுபோய்ப் பேசுகிறேன்.

அன்புடன்.