நடு ராத்திரி எழுப்புகிற ரேடியோ: வாசகர் கேள்வி பதில்

மார்ச் பிறந்தால் போதும், டெக்சஸ், ஓக்லஹோமா பக்கத்து வாசகர்களின் கடிதங்களில் டொர்னேடோ என்கிற சுழல்காற்று நுழைந்துவிடும். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே கையில் எடுத்துப் போகிற வானிலை ரேடியோவைப் பற்றியவை. டாலஸ் பக்கம் குடிவந்து பல வருடம் ஆகிவிட்டது. அமெரிக்க தேசிய வானிலை சேவை புயலைக் கவனித்துத் தகவல் சொல்லக் கற்றுத்தர இலவசமாக நடத்தும் ஸ்கைவார்ன் வகுப்பிலும் உட்கார்ந்து கற்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: போன மாதம் ஒரு கையடக்க வானிலை ரேடியோ வாங்கினோம். ஒரே ராத்திரியில் ஐந்து முறை அலறிவிட்டது. வெளியே எட்டிப் பார்த்தால் நட்சத்திரம் தெரிகிறது! என் கணவர் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார். இதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? (ஒரு வாசகி, ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)

கொடுக்காதீர்கள். ரேடியோவில் கோளாறு இல்லை, உங்கள் ஊர் எது என்று அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டிலும் முதல் வருடம் இதே கதைதான். 60 மைல் தள்ளி எங்கோ ஆலங்கட்டி மழை பெய்ததற்கெல்லாம் எழுந்து உட்கார்ந்தோம். மூன்றாவது ராத்திரி நானே அதை அணைத்து வைத்தேன், அந்த ஏப்ரல் முழுக்க அது அணைந்தே கிடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

நடப்பது இதுதான். நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிபரப்புக் கோபுரங்களிலிருந்து வானிலை சேவை 24 மணி நேரமும் பேசிக்கொண்டே இருக்கிறது. எல்லாம் 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள ஏழே அலைவரிசைகளில். ஒரு கோபுரம் சுமார் 40 மைல் தூரம் வரை கேட்கும் என்பதால் பல கவுண்டிகளுக்கான (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி) எச்சரிக்கைகள் ஒரே கோபுரத்திலிருந்து வரும். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் முன்னால் ஃபேக்ஸ் மெஷின் போல ஒரு கரகரப்பு கேட்கிறதே, அதற்குள்தான் எந்தக் கவுண்டிக்கு என்ற விலாசம் இருக்கிறது. அதன் பெயர் சேம் கோடு. உங்கள் கவுண்டியின் கோடை நீங்கள் போட்டுவிட்டால் மற்றக் கவுண்டிகளுக்கு வருவதை ரேடியோ காதில் வாங்காது. போடாவிட்டால் எல்லாவற்றுக்கும் அலறும்.

கோடு ஆறு இலக்கம். காலின் கவுண்டிக்கு 048085, டென்டன் கவுண்டிக்கு 048121, டாலஸ் கவுண்டிக்கு 048113. முதல் பூஜ்யம் முழுக் கவுண்டியையும் குறிக்கும், 48 என்பது டெக்சஸ், கடைசி மூன்றும் கவுண்டியின் எண். ஃபிரிஸ்கோவில் இருப்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊர் பாதி காலினிலும் பாதி டென்டனிலும் கிடக்கிறது. பக்கத்துத் தெருத் தோழி போட்ட நம்பரைப் பார்த்து அப்படியே போட்டுவிடாதீர்கள். சொந்த வீடென்றால் வீட்டு வரி ரசீதில் கவுண்டி பெயர் இருக்கும், வாடகை வீடென்றால் முகவரியை வைத்து இணையத்தில் தேடினால் கிடைத்துவிடும்.

மெனுவில் கவுண்டி அமைப்புக்குப் போனால் ஒன்று, பல, எல்லாம் என்று மூன்று தேர்வுகள் இருக்கும். கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் ‘எல்லாம்’ என்பதில்தான் வைத்திருப்பார்கள். அதை ‘ஒன்று’ என்று மாற்றி உங்கள் கோடைப் போடுங்கள். இங்கே புயல் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் வரும், அதனால் மேற்கே இருக்கும் கவுண்டியையும் சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. பகலுக்கு அது சரி. படுக்கை அறையில் வைக்கும் ரேடியோவுக்கு உங்கள் கவுண்டி ஒன்றே போதும் என்பது என் தீர்மானமான கருத்து. தேவையில்லாமல் எழுப்பும் ரேடியோவை யாரும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை.

அடுத்தது அலைவரிசை. இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஏழையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எது தெளிவாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுகிறார்கள், சில ரேடியோக்கள் தாமாகவே அப்படித் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஆனால் நன்றாகக் கேட்கும் கோபுரம் உங்கள் கவுண்டிக்கான எச்சரிக்கையை ஒலிபரப்பும் கோபுரமாக இருக்க வேண்டுமே! டாலஸ் கோபுரம் 162.400, ஃபோர்ட் வொர்த் கோபுரம் 162.550. இரண்டும் தெளிவாகக் கேட்கும் வீடுகள் நடுவில் நிறைய. வானிலை சேவையின் இணையதளத்தில் கவுண்டிவாரியாகக் கோடு, கோபுரம், அலைவரிசை மூன்றும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. அதைப் பார்த்துப் போடுங்கள்.

கடைசியாக, ரேடியோவை எச்சரிக்கைக்குக் காத்திருக்கும் நிலையில் விட வேண்டும். அப்படி விட்டால் அது வாயைத் திறக்காது, வேண்டியபோது மட்டும் கத்தும். பாட்டுக் கேட்க எஃப்எம்முக்கு மாற்றிவிட்டு அப்படியே தூங்கிப் போனால் பல மாடல்கள் எச்சரிக்கையைக் கவனிப்பதே இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் எப்போதாவது வெறுமனே கத்தும். எச்சரிக்கை உங்கள் கவுண்டியின் ஒரு மூலைக்கு மட்டும் வந்திருந்தாலும் ரேடியோ கவுண்டி முழுக்க எழுப்பிவிடும். எழுந்ததும் பொத்தானை அழுத்தி வாசிக்கப்படும் ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள். உங்கள் ஊர் இல்லையென்றால் மறுபடி படுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: செல்போனிலேயே டொர்னேடோ எச்சரிக்கை வந்துவிடுகிறதே. அப்புறம் எதற்கு இன்னொரு கருவி? எங்கள் தெருவில் சைரனும் இருக்கிறது. (ஒரு வாசகர், ஓக்லஹோமா சிட்டி)

போன் எச்சரிக்கை நல்ல ஏற்பாடு, அதை யாரும் அணைக்க வேண்டாம். ஆனால் ராத்திரி உங்கள் போன் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். சமையலறையில் சார்ஜில் இருக்கும், இல்லையென்றால் பிள்ளை விளையாடிச் சார்ஜ் தீர்ந்து சோபா இடுக்கில் கிடக்கும். புயலில் செல் கோபுரமே விழுந்துவிட்டால் போன் கையில் இருந்தும் பயனில்லை. சைரனோ வெளியில் நிற்பவர்களை உள்ளே போகச் சொல்வதற்காக வைத்தது. ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்குபவர் காதுக்கு அது எட்டும் என்று நம்பாதீர்கள்.

போனுக்கு எல்லா எச்சரிக்கையும் வருவதும் இல்லை. டொர்னேடோ வார்னிங் வரும், டொர்னேடோ வாட்ச் வராது. இடிமழைக்கான வார்னிங்கில் மிக மோசமான வகைக்கு மட்டும்தான் போன் அலறும். ரேடியோவில் இவை எல்லாமே வரும், எது வேண்டும் எது வேண்டாம் என்று நீங்களே மெனுவில் வைத்துக்கொள்ளலாம். டொர்னேடோ வார்னிங்கை மட்டும் பல ரேடியோக்கள் அணைக்கவே விடாது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

வாட்ச், வார்னிங் வித்தியாசத்தைப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வாட்ச் என்றால் இன்னும் சில மணி நேரத்தில் டொர்னேடோ உருவாகக்கூடிய நிலைமை, ஷூவை எடுத்து வையுங்கள், போனைச் சார்ஜில் போடுங்கள். வார்னிங் என்றால் ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள், அந்த நிமிடமே ஒளிய வேண்டும்.

2025 ஜூலை 4 அன்று டெக்சஸ் மலைப்பகுதியில் குவாடலூப் ஆறு பெருகியதே, அந்த வெள்ளத்துக்கான முதல் வார்னிங் கெர் கவுண்டிக்கு வந்தது அதிகாலை 1:14 மணிக்கு. ஆற்றோரத்தில் குடும்பத்தோடும் முகாம்களிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். செல் சிக்னல் சரியாக எட்டாத இடங்கள் அங்கே உண்டு. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் குடும்பங்களும் நீண்ட வார இறுதிகளில் இப்படித்தானே ஆற்றோரக் கேபின் எடுத்துத் தங்குகிறோம்? போகும்போது ரேடியோவைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கவுண்டியின் கோடையும் அலைவரிசையையும் கிளம்பும் முன்பே எழுதி எடுத்துக்கொள்வது நல்லது. மறந்துவிட்டால், அலைவரிசைகளைத் தேடவிட்டு, கவுண்டித் தேர்வை அந்த இரண்டு நாளைக்கு ‘எல்லாம்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாகப் போட்டும் வீட்டுக்குள் இரைச்சல்தான் வருகிறது. எச்சரிக்கை வருமா வராதா என்று எப்படி நம்புவது? பேட்டரியும் இரண்டே நாளில் இறங்கிவிடுகிறது. (ஒரு வாசகி, ஹூஸ்டன்)

கையடக்க ரேடியோவின் ஆன்டெனா குட்டை, உங்கள் செங்கல் சுவர் தடிமன். கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலோரம் கொண்டுபோய், ஆன்டெனா செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். ஓரடி இப்படி அப்படி நகர்த்தினாலே குரல் தெளிவாகும். குளிர்சாதனப் பெட்டி, மைக்ரோவேவ் பக்கத்தில் வேண்டாம்.

நம்புவதற்கு வழி இருக்கிறது. வாரம் ஒருமுறை, பெரும்பாலான ஊர்களில் புதன்கிழமை பகல் 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில், சோதனை எச்சரிக்கை அனுப்புவார்கள். அன்றைக்கு வானிலை மோசமாக இருந்தால் மட்டும் தள்ளிப்போடுவார்கள். சில ரேடியோக்கள் இந்தச் சோதனைக்குச் சத்தம் போடாமல் திரையில் மட்டும் காட்டும், அதனால் புதன் மாலை வேலையிலிருந்து வந்ததும் திரையைப் பாருங்கள். சோதனை வந்த அடையாளம் இருந்தால் உங்கள் அலைவரிசை, கோடு, ஆன்டெனா எல்லாம் சரி. இரண்டு புதன் தொடர்ந்து வரவில்லை என்றால் எங்கோ தப்பு இருக்கிறது, முதலிலிருந்து பாருங்கள்.

பேட்டரி விஷயம்: வீட்டில் இருக்கும்வரை அடாப்டரில் செருகியே வையுங்கள், பேட்டரி மின்சாரம் போகிற நேரத்துக்கு. சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரியோடு வரும் ரேடியோவில் சாதாரண ஆல்கலைன் பேட்டரியைப் போட்டுவிட்டுச் சார்ஜரில் வைக்காதீர்கள், கசிந்து உள்ளே அரித்துவிடும். சில மாடல்களில் பேட்டரி அறைக்குள் இதற்கென்றே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதைக் கையேட்டில் பார்த்து மாற்ற வேண்டும்.

கேள்வி: மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருக்கிறேன், வயது 67. அவனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் நானும் பேத்தியும்தான். ஆங்கிலம் அதிகம் வராது. இந்த ரேடியோ பேசினால் எனக்கு என்ன புரியும்? (ஒரு வாசகி, பிளானோ, டெக்சஸ்)

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், இரண்டு முறை படித்தேன். ரேடியோவில் பேசுவது கம்ப்யூட்டர் குரல், வேகமாகவும் பேசும், இங்கேயே வளர்ந்தவர்களுக்கே சில ஊர்ப் பெயர்கள் பிடிபடாது. அதனால் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற கவலையை விட்டுவிடுங்கள்.

எச்சரிக்கை வரும்போது திரையிலும் எழுத்து ஓடும். மகனிடம் சொல்லி ‘டொர்னேடோ வார்னிங்’ என்ற இரண்டு சொற்களையும் ஒரு அட்டையில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, கீழே தமிழில் ‘உடனே ஒளிய வேண்டும்’ என்று எழுதி ரேடியோ பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். திரையில் ஓடுவதும் அட்டையில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் பேத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பல ரேடியோக்களில் வார்னிங் என்றால் சிவப்பு விளக்கு எரியும், எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேடவேண்டி வந்தால் அந்தச் சிவப்பே போதும். வேறு எச்சரிக்கைக்கும் சிவப்பு வரலாம், பரவாயில்லை, பத்து நிமிடம் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வந்ததாக இருக்கட்டும்.

எங்கே ஒளிவது என்பதை இன்றைக்கே மகனோடு நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். டெக்சஸ் வீடுகளில் பெரும்பாலும் நிலவறை கிடையாது. கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத, வீட்டுக்கு நடுவில் இருக்கும் சின்ன அறை வேண்டும். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரி அறை அல்லது உள்பக்கக் குளியலறை. பேத்தியின் சைக்கிள் ஹெல்மெட், உங்களுக்கு ஒரு தடித்த ரஜாய், காலில் போட ஷூ, ஒரு டார்ச் ஆகியவற்றை அங்கேயே போட்டு வைத்துவிடச் சொல்லுங்கள். கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, அதை மட்டும் செய்ய வேண்டாம். மகனுக்குப் போன் போடுவதும் உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான்.

பல மாடல்களில் சைரனை ஒலிக்கவிட்டுப் பார்க்க மெனுவில் வழி உண்டு. ஒரு சனிக்கிழமை பகலில் அதை ஒலிக்கவிட்டு எல்லோருமாக ஒருமுறை ஓடிப் பாருங்கள். முதல்முறை அந்தச் சத்தத்தைத் தனியாகக் கேட்டால் கைகால் ஓடாது.

2015 டிசம்பர் 26 அன்று உங்களுக்குப் பக்கத்திலேயே கார்லண்ட், ரௌலட் பகுதியில் டொர்னேடோ இறங்கி 10 பேர் இறந்தார்கள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அதனால் குளிர்காலம்தானே என்று ரேடியோவை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டாம் என்று மகனிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: கையால் சுற்றிச் சார்ஜ் ஏற்றும், சோலார் பட்டை வைத்த ரேடியோ மலிவாகக் கிடைக்கிறது. அது போதாதா? (ஒரு வாசகர், நாஷ்வில்)

மின்சாரம் போன பிறகு செய்தி கேட்க நல்லது. ஆனால் அவற்றில் நிறைய மாடல்களில் வானிலை அலைவரிசை கேட்கும், எச்சரிக்கைக்குத் தானாக எழுந்து கத்தாது. கத்துகிறவற்றிலும் சேம் கோடு போட முடியாதவை உண்டு. பெட்டியில் ‘சேம்’ என்ற சொல்லும் ‘பப்ளிக் அலர்ட்’ முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2020 மார்ச் 3 அன்று உங்கள் ஊரை டொர்னேடோ தாக்கியது நள்ளிரவு தாண்டி. கையால் சுற்றுவதற்கு அந்த நேரத்தில் யார் விழித்திருப்பார்கள்?

கேள்வி: நாகப்பட்டினத்தில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இங்கிருந்து ஒன்று வாங்கி அனுப்பலாம் என்று நினைக்கிறேன். கஜா புயலில் அவர்கள் பட்ட பாடு மறக்கவில்லை. (ஒரு வாசகர், ஆஸ்டின்)

நினைப்பு நல்லதுதான், ஆனால் அனுப்பாதீர்கள். அந்த ஏழு அலைவரிசைகளில் வானிலை பேச அங்கே கோபுரம் கிடையாது, பெட்டி வெறும் இரைச்சல்தான் போடும். அங்கே வேறு ஏற்பாடு இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ செயலியை அப்பாவின் போனில் போட்டு, மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, தமிழுக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் யாராவது கடலுக்குப் போகிறவர் என்றால், செல் சிக்னல் எட்டாத தூரத்திலும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வாங்கும் ‘ஜெமினி’ கருவி 2019இல் வந்திருக்கிறது, மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

டொர்னேடோ போல அரை மணியில் வந்து போவதில்லை நம் புயல். இரண்டு மூன்று நாள் முன்பே பெயரோடு தெரிந்துவிடும். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்தபோது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களைவிட, கடந்த பிறகு நாள்கணக்கில் மின்சாரமும் போனும் இல்லாமல் தவித்தவர்கள் அதிகம். அந்த நாள்களுக்கு உங்கள் அப்பா அம்மாவிடம் இருக்க வேண்டியது நாகப்பட்டினம் கடைவீதியிலேயே கிடைக்கும் பேட்டரி போட்ட சாதாரண ரேடியோ, காரைக்கால் பண்பலை தெளிவாகக் கேட்டால் சரி. அதோடு ஒரு டஜன் பென்டார்ச் செல். அக்டோபரில், மழை பிடிக்கும் முன்பே, வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.