உதவித்தொகை: யார் பையிலிருந்து, யார் கைக்கு?

அரசுக் கல்லூரி ஒன்றின் உதவித்தொகைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜூன் பிறந்தால் போதும், சொந்தக்காரர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று கைபேசி ஓயாது. இந்த முறை கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சங்கதி. எல்லாவற்றையும் உதவித்தொகை என்றே அழைக்கிறோம். ஆனால் பணம் போகும் வழி ஒன்றல்ல. சிலவற்றில் கல்லூரி உங்களிடம் கட்டணம் வாங்காது, அரசு பிறகு கல்லூரிக்குக் கொடுக்கும். சிலவற்றில் பணம் நேராக மாணவர் கணக்குக்கு வரும், கல்லூரிக்குக் கட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. இன்னும் சில வெறும் கைச்செலவுக்கு. உங்களுடையது எந்த வகை என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

திருவாரூரிலிருந்து ஒரு தாய்: மகள் பி.எஸ்சி. முதலாண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு மாதாமாதம் பணம் தரும் புதுமைப் பெண் திட்டத்தில் கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் ஆயிரம் ரூபாய் வருகிறது, இவளுக்கு மட்டும் மூன்று மாதமாக வரவில்லை. கல்லூரியில் கேட்டால் "எங்கள் பக்கம் முடிந்துவிட்டது" என்கிறார்கள்.

அம்மா, அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். இந்தப் பணம் ஆதார் எண்ணைப் பிடித்துக்கொண்டு போகிறது. விண்ணப்பத்தில் எந்தக் கணக்கை எழுதினீர்கள் என்பதைவிட, ஆதாருடன் கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டது என்பதே முக்கியம். பள்ளியில் படித்தபோது தொடங்கிய பழைய கணக்கு, நூறு நாள் வேலைக்காகத் திறந்த வங்கி என்று எங்கேயாவது போய் உட்கார்ந்திருக்கும். மகளின் பழைய பாஸ்புக்குகள் எல்லாவற்றிலும் வரவு போட்டுப் பாருங்கள். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையையும் பார்க்கலாம். என் அனுபவத்தில் 'வரவில்லை' என்று வந்த பாதிப் பேருக்குப் பணம் வந்திருந்தது, வேறு கணக்கில். கணக்கு முடங்கிக் கிடந்தால் வங்கியில் ஆதாரைக் காட்டிப் புதுப்பித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் கல்லூரியில் இந்தத் திட்டத்துக்கென்று நியமித்த பொறுப்பு அலுவலரைப் பாருங்கள். அலுவலக ஜன்னலில் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

விருதுநகர் மாணவி: ஆறாம் வகுப்பும் எட்டு முதல் பன்னிரண்டும் அரசுப் பள்ளி. ஏழாம் வகுப்பு மட்டும் மெட்ரிக் பள்ளியில் கட்டணம் கட்டிப் படித்தேன். எனக்குப் புதுமைப் பெண் பணம் கிடைக்குமா?

கிடைக்காது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, அல்லது உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி என்பது நிபந்தனை. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் ஆறு முதல் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. நீங்கள் கட்டணம் கட்டியதால் அதுவும் பொருந்தாது. அந்த ஓராண்டு உங்கள் வீடு வசதியாக இருந்தது என்று அர்த்தமில்லை, எனக்குத் தெரியும். ஆனால் விதியில் அதற்கு இடமில்லை.

தஞ்சாவூர் வாசகர்: தாலிக்குத் தங்கம் கொடுத்த நல்ல திட்டத்தை நிறுத்திவிட்டு ஆயிரம் ரூபாய் கொடுப்பது நியாயமா?

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தொடங்கியது திருமண உதவித் திட்டம். 2011-இல் அதோடு 4 கிராம் தங்கம் சேர்ந்தது, 2016-இல் 8 கிராம் ஆனது. 2022 செப்டம்பர் 5 அன்று அதே அம்மையாரின் பெயரிலேயே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது; புதுமைப் பெண் என்பது இதுதான். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவரின் பெயர் தாலித் தங்கத்தில் இருப்பதைவிடக் கல்லூரி வருகைப் பதிவேட்டில் இருப்பது பொருத்தம் என்பேன். திருமண உதவி படிப்பு முடிந்த பிறகு வந்தது; இது படிக்கும்போதே வருகிறது. பஸ், சாப்பாடு, செமஸ்டர் கட்டணம் என்று மாதாமாதம் கேட்கும் செலவுக்கு மாதாமாதம் வரும் பணம். ஆனால் தங்கத்தை நம்பி இருந்த ஏழைக் குடும்பங்களுக்கு இது இழப்பே இல்லை என்று சொன்னால் அது அலுவலகப் பேச்சு.

சேலம் தந்தை: மகனுக்கு முதல் பட்டதாரிச் சலுகை கேட்கப் போகிறோம். என் மனைவியின் அப்பா அந்தக் காலத்து பி.ஏ. அவர் எங்களோடு இல்லை. அவரும் கணக்கில் வருவாரா?

வருவார். தாத்தா பாட்டி என்றால் இரண்டு பக்கமும்தான். பெற்றோர், உடன்பிறந்தவர்கள், தந்தை வழி, தாய் வழி தாத்தா பாட்டி இவர்களில் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அஞ்சல் வழியில் வாங்கிய பட்டமும் பட்டமே. டிப்ளமோ மட்டும் முடித்தவர் பட்டதாரி ஆகமாட்டார். "யாருக்குத் தெரியப் போகிறது" என்று கூட்டு உறுதிமொழியில் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் தெரிந்தால் வாங்கிய சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும், பையன் பெயரில்.

தகுதி உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். 2010-11 கல்வியாண்டில் வந்த இந்தச் சலுகைக்குச் சாதியோ வருமானமோ தடையில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வருவாய்த் துறை சான்றிதழ் தரும். தனியார் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். முழுக் கட்டணமும் போய்விடும் என்று நம்பிவிடாதீர்கள். அந்தத் தொகை உங்கள் கைக்கு வராது, கல்லூரி கழித்துக்கொண்டு அரசிடம் வாங்கிக்கொள்ளும்.

கோவை: நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை உண்டா?

இல்லை. அரசுக் கலந்தாய்வில் வந்த இடங்களுக்கு மட்டும்.

கடலூர் மாணவர்: பட்டியல் சாதியைச் சேர்ந்தவன், அப்பாவுக்கு விவசாயக் கூலி. தனியார் கல்லூரியில் கலந்தாய்வு மூலம் சேர்ந்திருக்கிறேன். "முதலில் முழுக் கட்டணத்தையும் கட்டு, உதவித்தொகை வந்தால் எடுத்துக்கொள்" என்கிறார்கள். கட்ட வழியில்லை.

தம்பி, பதறவேண்டாம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; உங்களுக்கு அது பொருந்தும். முன்பு கட்டணப் பணம் அரசிலிருந்து கல்லூரிக்குப் போகும், மாணவரைக் கல்லூரி தொல்லை செய்யாது. இப்போது மத்திய அரசின் பங்கு மாணவர் கணக்குக்கே வருகிறது. இடையில் யாரும் பணத்தைத் தின்றுவிடக் கூடாது என்ற நல்ல நோக்கம்தான். விளைவு என்ன? வகுப்பு தொடங்குவது ஒரு பருவத்தில், பணம் வருவது இன்னொரு பருவத்தில். நடுவில் கல்லூரிக்குக் கடன்காரனாக நிற்பது நீங்கள்.

இதற்கென்றே திட்டத்தின் நெறிமுறையில் ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடு இருக்கிறது. தகுதியுள்ளவர் முன்பணம் கட்டாமல் சேர்ந்து, உதவித்தொகை வந்ததும் கல்லூரிக்குக் கட்டலாம் என்பது அதன் பொருள். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குச் சேர்க்கை ஆணை, சாதிச் சான்று, வருமானச் சான்று மூன்றோடும் போங்கள். எழுத்தில் மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். கல்லூரி கேட்பதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாயால் மிரட்டுகிற பலர் காகிதத்தில் எழுதத் துணிய மாட்டார்கள். பணம் வந்த பிறகு அதை வேறெதற்கும் தொடாமல் கல்லூரியில் கட்டி ரசீது வாங்குங்கள். இதில் சறுக்கிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்: வீட்டில் மருத்துவச் செலவு, வந்த பணம் போய்விட்டது, மூன்றாம் ஆண்டில் சான்றிதழ் கல்லூரியில் மாட்டிக்கொண்டது.

கட்டணம் தவிரப் பராமரிப்புத் தொகையும் உண்டு. படிப்பையும் விடுதியில் தங்குவதையும் பொறுத்து ஆண்டுக்கு 2,500 முதல் 13,500 ரூபாய் வரை.

சென்னை, ஆய்வு மாணவி: மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைச் செலவில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்கிறார்கள். முன்பு முழுவதும் மத்திய அரசு கொடுத்ததாகவும் சொல்கிறார்கள். எது சரி?

முதலாவது சரி, இரண்டாவது முழு உண்மையில்லை. 1944-இல் தொடங்கிய பழைய திட்டம் இது. நெடுங்காலம் ஒரு வினோதமான கணக்கு இருந்தது. ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் மாநிலம் எவ்வளவு செலவழித்ததோ, அது அடுத்த ஐந்தாண்டுக்கு மாநிலத்தின் நிரந்தரச் சுமை. அதற்கு மேல் கூடும் செலவை மட்டுமே மத்திய அரசு கொடுக்கும். காகிதத்தில் மத்தியத் திட்டம், நடப்பில் மாநிலச் செலவு.

இதில் அடிபட்டவர்கள் யார் தெரியுமா? அதிகப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய மாநிலங்கள். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். நன்றாகச் செய்தவருக்குக் கூடுதல் சுமை! பல மாநிலங்களில் நிலுவை மலைபோல் சேர்ந்தது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பழைய கணக்கைக் கைவிட்டு 60:40 என்று முடிவு செய்தது. ஐந்தாண்டுக்கு 59,048 கோடி, அதில் மத்தியப் பங்கு 35,534 கோடி. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே மத்தியப் பங்கு வரும் என்பதை மறக்காதீர்கள். ஒரு கை தாமதித்தால் மறு கையும் அசையாது.

திண்டுக்கல்: மகன் அரசு உதவிபெறும் பள்ளி, தமிழ்வழி. தொழிற்கல்விச் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா?

கிடைக்காது, அது அரசுப் பள்ளிக்கு மட்டும். ஆனால் கல்லூரி சேரும் ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கியபோதே உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவர்களையும் சேர்த்துவிட்டார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கு அந்த விரிவாக்கம் 2024 டிசம்பரில் வந்தது.

பெயர் வேண்டாம் என்றவர்: 7.5 ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தேன். கட்டணம் இல்லை என்றார்கள். இப்போது கல்லூரியில் 'இதர கட்டணம்' கேட்கிறார்கள்.

2021-இல் தொழிற்கல்விக்கு இந்த ஒதுக்கீடு வந்தபோதே படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டிவிட்டிருந்தால் ரசீதோடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு எழுதுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஈரோடு, தொழில் செய்பவர்: என் வரிப்பணத்தில் எல்லோருக்கும் இலவசமா?

புதுமைப் பெண் திட்டத்தில் ஒரு மாணவிக்கு மூன்றாண்டில் 36,000 ரூபாய். அதற்கு ஒரு பெண் படிப்பை நடுவில் விடாமல் முடிக்கிறாள் என்றால் மலிவு என்பேன். என் வருத்தம் வேறு இடத்தில். பிள்ளைகளை உள்ளே கொண்டுவரப் பணம் கொடுக்கிறோம். உள்ளே பாடம் நடத்துவது மாதம் 25,000 ரூபாய் வாங்கும் கௌரவ விரிவுரையாளர். அந்த இடங்களை நிரந்தரமாக நிரப்பச் சொல்லி உங்கள் வரிப்பணத்தின் பெயரில் கேளுங்கள், நானும் கூட நிற்கிறேன்.

கரூர்: பி.சி. வகுப்பு, மகளுக்கு என்.ஐ.டி. கிடைத்திருக்கிறது. மாநில அரசு ஏதும் தருமா?

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் படிக்கும் பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை உண்டு. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

மாணவி, ஊர் வேண்டாம்: மாதம் ஆயிரம் வருகிறது ஐயா. ஆனால் ஏ.டி.எம். அட்டை அப்பாவிடம். பணம் வரும் ஏழாம் தேதி அவரே எடுத்துக்கொள்கிறார். நான் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் தோழியிடம் கடன் வாங்குகிறேன். கல்லூரியில் சொன்னால் பணம் நின்றுவிடுமா?

நிற்காது மகளே. கணக்கு உங்கள் பெயரில், பணம் உங்களுடையது. அட்டைக்காக வீட்டில் சண்டை போட வேண்டாம். பாஸ்புக்கோடும் ஆதாரோடும் வங்கிக்குப் போய், கணக்கில் உங்கள் கைபேசி எண்ணைப் பதிவு செய்யுங்கள். பழைய அட்டையை முடக்கிப் புதிதாகக் கேளுங்கள். நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லுங்கள், வீட்டு முகவரிக்கு அனுப்பினால் மறுபடியும் அப்பா கைக்கே போகும். அட்டையே வேண்டாம் என்றாலும் சரி, ஆறாம் தேதியே வங்கிச் சலானை நிரப்பிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அடிதடி வரும் என்ற பயம் இருந்தால் 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தோழியிடம் வாங்கிய கடன் எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறீர்கள் அல்லவா?