எழுத்தை நம்பி இங்கிலாந்தில் வாழலாமா? பர்மிங்ஹாம் வந்திருக்கும் தம்பிக்கு

வணக்கம் தம்பி. மனைவிக்கு பர்மிங்ஹாம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து, நீங்கள் டிபெண்டென்ட் விசாவில் கூட வந்திருக்கிறீர்கள். சென்னையில் ஓர் ஆங்கில வார இதழில் உதவி ஆசிரியராக இருந்திருக்கிறீர்கள். சொந்த ஊர் திருப்பூர், அப்பா பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். இங்கே பார்க்கிறவர்கள் எல்லாம் வேர்ஹவுஸ் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். பெரிய நாளிதழ்களுக்கு அனுப்பிய கட்டுரைகளுக்குப் பதிலே வரவில்லை. ஃப்ரீலான்ஸ் எழுத்தாளராக இந்த ஊரில் காலூன்ற வழி உண்டா என்பது உங்கள் கேள்வி.

உண்டு. நானும் அப்படித்தான் ரொம்ப வருஷமாக இங்கே குடும்பம் நடத்துகிறேன். ஆனால் நீங்கள் இப்போது தட்டிக்கொண்டிருக்கும் கதவு அதற்கான கதவு இல்லை.

முதலில் காசு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், அதை மறைத்து உற்சாகப்படுத்துவது நல்லதல்ல. எழுத்தாளர்களுக்கான உரிமத்தொகையை வசூலித்துக் கொடுக்கும் ஏஎல்சிஎஸ் என்ற சங்கத்துக்காக 2022-இல் ஓர் ஆய்வு நடந்தது. எழுத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்கள் அதிலிருந்து ஆண்டுக்குச் சம்பாதிக்கும் இடைநிலைத் தொகை 7,000 பவுண்டு, அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் கீழே, என்று அதில் வந்தது. 2006-இல் அதே கணக்கு 12,330 பவுண்டாக இருந்தது. பர்மிங்ஹாமில் வீட்டு வாடகைக்கே 7,000 போதாது. பேர் தெரிந்த எழுத்தாளர்கள் பலரும் வேறு வேலையை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள்.

அப்படியானால் எழுதியே பிழைப்பவர்கள் யார் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தவரை முக்கால்வாசிப் பேர் டிரேட் பத்திரிகைகளுக்கும் நிறுவனங்களுக்கும் எழுதுகிறவர்கள். இந்த நாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பத்திரிகை இருக்கிறது. மளிகை, உணவு வியாபாரத்துக்கு 1862 முதல் வந்துகொண்டிருக்கும் 'தி க்ரோசர்', விவசாயிகளுக்கு 'ஃபார்மர்ஸ் வீக்லி', செவிலியர்களுக்கு 'நர்சிங் டைம்ஸ்', வீட்டுவசதித் துறைக்கு 'இன்சைட் ஹவுசிங்', துணிக்கடைக்காரர்களுக்கு 'ட்ரேப்பர்ஸ்'. இவற்றை ரயிலில் யாரும் படிக்க மாட்டார்கள், உங்கள் ஊரில் யாருக்கும் பேர் தெரியாது. ஆனால் இங்கே எடிட்டருக்கு விஷயம் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். ஒருவர் கிடைத்துவிட்டால் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார். நாளிதழுக்கு வருஷத்தில் ஒரு கட்டுரை எழுதுவதைவிட மாதம் ஒருமுறை கூப்பிடும் ஓர் எடிட்டர் மேல் என்பதுதான் என் முடிவு.

எனக்கு அந்தக் கதவு எப்படித் திறந்தது என்று சொன்னால் விளங்கும். 2014 மே மாதம், அப்போது பிரிட்டனும் சேர்ந்திருந்த ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தைத் தடை செய்தது. முந்தைய ஆண்டில் இந்தியாவிலிருந்து வந்த 207 காய்கனிச் சரக்குகளில் பழ ஈ போன்ற பூச்சிகள் இருந்ததாகக் காரணம் சொன்னார்கள். அல்போன்சோ சீசனின் நட்டநடுவில் வந்த தடை என்பதால் நாளிதழ்கள் எல்லாம் மாம்பழம், மாம்பழம் என்றே எழுதின. ஆனால் அந்த உத்தரவில் பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேப்பங்கிழங்கும் இருந்தன. அதைப் பற்றி அதிகம் யாரும் பேசவில்லை. மாம்பழம் இரண்டு மாதச் சரக்கு, பாகற்காய் வருஷம் முழுக்க ஓடும் சரக்கு. நம் கடைக்காரர்களுக்கு எது பெரிய அடி என்று உங்களுக்கே தெரியும்.

கிழக்கு லண்டன் லேட்டனில் இருக்கும் நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் மொத்த மார்க்கெட்டுக்கு, ராத்திரி வியாபாரம் நடக்கும் நேரத்தில் போய் நின்றேன். ஒரு யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் வேனின் பின்கதவைத் திறந்து, வழக்கமாகப் புடலங்காய்ப் பெட்டி அடுக்கும் இடத்தைக் காட்டினார். வேறு எந்த நாட்டிலிருந்து வாங்கப் பார்க்கிறார், பெட்டிக்கு எவ்வளவு கூடுகிறது, எந்த வாடிக்கையாளரை இழந்தார் என்று எல்லாம் தமிழில் சொன்னார். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அதில் பாதிகூட வந்திருக்காது. காலையிலேயே உணவுத் துறைப் பத்திரிகை ஒன்றுக்கு எட்டு வரியில் எழுதினேன். அன்று மாலையே, புடலங்காய் என்றால் என்ன என்ற கேள்வியோடு, எழுதித் தரச் சொல்லிப் பதில் வந்தது. அந்த எடிட்டர் அதற்குப் பிறகு பல வருஷம் எனக்கு வேலை கொடுத்தார்.

உங்களிடம் அதைவிடப் பெரிய சரக்கு இருக்கிறது தம்பி. திருப்பூரில் வளர்ந்தவருக்கு நிட்டிங் என்ன, டையிங் என்ன, காம்பாக்டிங் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே என்ன பாடுபட்டது என்று நேரில் பார்த்திருப்பீர்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் நொய்யல் ஆற்றுக்குப் போகக் கூடாது என்றால் ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு செலவு கூடும் என்று உங்கள் அப்பாவிடம் கேட்டாலே தெரியும். இங்கே துணி விற்கிறவர்கள் 'பசுமை உற்பத்தி' என்று விளம்பரம் செய்கிறார்கள், அந்தக் கணக்கை விளக்கி எழுத ஆளில்லை. இந்தியா, பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் 2025 ஜூலையில் கையெழுத்தானது. அதன்படி இந்திய ஆடைகளுக்கு இங்கே இருக்கும் இறக்குமதி வரி நீங்குகிறது. பங்களாதேஷில் வாங்கும் வியாபாரி திருப்பூர் பக்கம் திரும்புவாரா, அங்கே அந்த அளவுக்கு ஆள்பலம் இருக்கிறதா? இந்த ஒரு கேள்வியிலிருந்தே மூன்று நான்கு கட்டுரை எடுக்கலாம்.

முழுக் கட்டுரையை எழுதி அனுப்புவதை மட்டும் உடனே நிறுத்துங்கள். ஊரில் அது வழக்கம், இங்கே பிட்ச், அதாவது என்ன எழுதப் போகிறீர்கள் என்று சுருக்கமாகச் சொல்லும் மின்னஞ்சல், அனுப்ப வேண்டும். எடிட்டர் மின்னஞ்சலைத் திறக்காமலே விஷயம் புரிகிற மாதிரித் தலைப்பு இருக்கட்டும்: 'பிட்ச்: திருப்பூர் சாயத் தண்ணீர்க் கணக்கு, பிரிட்டிஷ் கடைகளுக்கு என்ன விலை.' உள்ளே முதல் பத்தியில் விஷயம். இரண்டாவதில் ஏன் இப்போது, யாரிடம் பேசப் போகிறீர்கள், அவர்களில் பேசச் சம்மதித்தவர் யார். மூன்றாவதில் நீங்கள் யார், இதற்கு ஏன் நீங்கள், எத்தனை சொல், என்றைக்குத் தர முடியும். அவ்வளவுதான். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று பொதுவாக ஆரம்பிக்காமல், பத்திரிகையில் கட்டுரைப் பகுதியைப் பார்க்கும் எடிட்டரின் பேரைத் தேடிப் பேர் சொல்லி எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அதையே வேறு பத்திரிகைக்கு மாற்றி எழுதுங்கள். பதில் வராததை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அதே கதிதான்.

பத்திரிகையோடு சேர்த்து நிறுவன வேலையும் பாருங்கள். தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கை, கம்பெனிகளின் வாடிக்கையாளர் அனுபவக் கட்டுரை, வீட்டுவசதிச் சங்கங்களின் செய்திமடல் எல்லாம் நல்ல காசு தரும், பேர் வராது. மலிவான இணையக் கட்டுரை வேலையை நம்பி இறங்காதீர்கள், அதை இப்போது ஏஐ வைத்துச் செய்துகொள்கிறார்கள். ஆளிடம் போன் பேசி, நேரில் போய்ப் பார்த்து எழுதும் வேலைக்கு இன்னும் ஆள் தேடுகிறார்கள்.

இனி எல்லோரும் கோட்டை விடும் இடம். எடிட்டர் சரி என்றதும் சந்தோஷத்தில் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். எவ்வளவு தொகை, எத்தனை சொல், கட்டுரை கொடுத்ததும் பணமா, அச்சில் வந்த பிறகா, அச்சில் போடாவிட்டால் எவ்வளவு என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்று நமக்குக் கூச்சம். இங்கே கேட்காதவரைத்தான் அனுபவம் இல்லாதவர் என்று நினைப்பார்கள். 1988-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஃப்ரீலான்ஸாக எழுதியவருக்கே அந்த எழுத்து சொந்தம். நீங்கள் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால்தான் அது கைமாறும். ஆகவே 'எல்லா உரிமையும்' என்று ஒப்பந்தத்தில் வந்தால் நிதானமாகப் படியுங்கள், முதல் வெளியீட்டு உரிமை மட்டும் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் ஒத்துக்கொள்வார்கள்.

பணம் தாமதமானால் கெஞ்ச வேண்டாம், தாமதமாகும் வணிகப் பாக்கிக்கான 1998-ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கெடு தாண்டிய இன்வாய்ஸுக்கு பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி விகிதத்துக்கு மேல் 8 சதவீதம் வட்டி கேட்கலாம். கூடவே 1,000 பவுண்டுக்குக் குறைந்த பாக்கிக்கு 40 பவுண்டு, அதற்கு மேல் 10,000-க்குள் 70 பவுண்டு ஈடும் உண்டு. ஒருமுறை ஒரு பத்திரிகை என்னை மாதக்கணக்கில் அலைய விட்டது. இந்தச் சட்டத்தின் பேரைக் குறிப்பிட்டு, வட்டியைச் சேர்த்துப் புது இன்வாய்ஸ் அனுப்பினேன், அந்த வாரமே அசல் முழுவதும் வந்தது. அதற்கும் மசியாதவர்களுக்கு 10,000 பவுண்டு வரை சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது, வக்கீல் இல்லாமல் இணையத்திலேயே போடலாம்.

பத்திரிகையாளர் சங்கமான என்யூஜேயில் சேர்ந்துவிடுங்கள். லண்டன் ஃப்ரீலான்ஸ் கிளை, எந்தப் பத்திரிகை எவ்வளவு கொடுத்தது என்று உறுப்பினர்கள் சொன்னதை வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள். ஏஎல்சிஎஸ்ஸிலும் பதிந்து, ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண் உள்ள இதழ்களில் வந்த உங்கள் கட்டுரைகளைப் பட்டியலிட்டு வையுங்கள். கட்டுரைகளை நகலெடுப்பதற்காக வசூலாகும் தொகையில் உங்கள் பங்கு மார்ச் மாதம் கணக்கில் விழும்.

விசா விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். டிபெண்டென்ட் விசாவில் சுயதொழில் செய்யத் தடையில்லை. மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்கிவிட வேண்டாம், அவர்களுக்குச் சுயதொழில் கூடாது, ஒரே ஒரு கட்டுரைக்கு இன்வாய்ஸ் போட்டாலும் சிக்கல்.

வரிக்கு வருவோம். ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை ஒரு வரி ஆண்டு. அதில் எழுத்து வருமானம் 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த ஆண்டு முடிந்து வரும் அக்டோபர் 5-க்குள் வரித் துறையான எச்எம்ஆர்சியில் பதிய வேண்டும். கணக்கும் பணமும் ஜனவரி 31-க்குள். இங்கேதான் புதியவர்கள் திகைத்துப் போகிறார்கள். முதல் வருஷ வரி 2,400 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் அந்த 2,400-ஓடு அடுத்த வருஷத்துக்கான முன்பணம் 1,200-ஐயும் சேர்த்து 3,600 கட்டச் சொல்வார்கள், ஜூலை 31-இல் இன்னொரு 1,200. வரி 1,000 பவுண்டைத் தாண்டினாலே பெரும்பாலும் இந்த முன்பணம் உண்டு. அதனால் ஒவ்வொரு இன்வாய்ஸ் பணம் வந்ததும் கால் பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள், அதைத் தொடாதீர்கள்.

வேர்ஹவுஸ் வேலையைப் பற்றி என் அபிப்பிராயம்: வாரத்தில் இரண்டு மூன்று நாள் போங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. டிரேட் பத்திரிகைப் பணம் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை வாடகை மனைவியின் தலையில் மட்டும் விழக் கூடாது. நைட் ஷிஃப்ட் மட்டும் எடுக்காதீர்கள், எடிட்டர்களிடம் பேச வேண்டிய நேரத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மனைவி நைட் ட்யூட்டியில் இருக்கும் வாரங்களில் காலை எட்டு மணிக்கு, அதாவது அப்பாவுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில், திருப்பூருக்குப் போன் போட்டுத் தண்ணீர்க் கணக்கைக் கேளுங்கள். பிட்ச் தயாரானதும் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி தட்டிவிடுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.