தடைக்காலத்துக்கு வாங்கி வைத்த மீன் ஃபிரீசரில் எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் 4 கிலோ வஞ்சிரமும் 2 கிலோ இறாலும் வாங்கி, ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் வைத்தேன். ஃபிரீசரில் இருந்தால் ஆறு மாதம் கெடாது என்கிறாள் என் தங்கை. ஒரு வாரத்துக்கு மேல் வைக்கவே கூடாது என்கிறார் மாமியார். இடையில் ஒரு நாள் ஐந்து மணி நேரம் மின்சாரம் இல்லை. யார் சொல்வது சரி? அந்த மீனைச் சமைக்கலாமா?

பதில்: உங்கள் தங்கை சொல்வது வேறு வகை ஃபிரீசருக்குப் பொருந்தும் கணக்கு. உங்கள் வீட்டில் இருக்கும் ஃபிரீசருக்கு மாமியார் சொல்வதுதான் உண்மைக்கு மிக நெருக்கமானது.

புத்தகங்களிலும் பாக்கெட்டுகளிலும் காணப்படும் மாதக் கணக்குகள் எல்லாம் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் என்ற ஒரே வெப்பநிலையை வைத்துச் சொல்லப்பட்டவை. அந்தக் குளிரில் கிருமிகள் பெருகுவதில்லை. ஆனால் அவை சாவதும் இல்லை, உறங்கிக் கிடக்கின்றன என்பதே சரி. ஆகவே மைனஸ் 18இல் மாறாமல் இருக்கும் மீன் நோய் உண்டாக்கும் அளவுக்குக் கெடாது என்றாலும், அதன் கொழுப்பு மெல்ல மெல்லக் காறிப்போவதையும், ஈரம் வெளியேறிச் சதை நார்போல ஆவதையும் அந்தக் குளிராலும் முழுமையாக நிறுத்த முடியாது. ஆறு மாதம், எட்டு மாதம் என்று சொல்லப்படும் காலக்கெடுவெல்லாம் சுவைக்கான காலக்கெடுவே.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் மேலே சிறிய மூடியுடன் இருக்கும் ஃபிரீசர்கள் பெரும்பாலும் அந்தக் குளிரை எட்டுவதில்லை. சில ஃபிரிட்ஜ்களில் ஃபிரீசர் மூடியின் மேல் நட்சத்திரக் குறி இருக்கும். ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6 டிகிரி. உறைந்த உணவை ஏறக்குறைய ஒரு வாரம் வைக்கலாம். இரண்டு என்றால் மைனஸ் 12, ஒரு மாதம். மூன்று என்றால் மைனஸ் 18, மூன்று மாதம். கதவில் ஒட்டப்பட்டிருக்கும் மின்சிக்கன நட்சத்திரங்களுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஐந்து நட்சத்திர ஃபிரிட்ஜ் என்று நம்பி மீனை மாதக் கணக்கில் வைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். குறி எதுவும் இல்லையென்றால் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமை இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். காலையில் கரண்டி எளிதில் இறங்கினால் உங்கள் ஃபிரீசர் மைனஸ் 18இல் இல்லை. ஃபிரிட்ஜுக்கான சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி உள்ளே வைப்பது இதைவிட நம்பகமானது.

அடுத்தது அளவு. ஃபிரீசரின் ஒவ்வொரு 28 லிட்டர் கொள்ளளவுக்கும் ஒரு நாளில் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள்தான் புதிதாக உறைய வைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஃபிரீசர் இருபது லிட்டரை ஒட்டியே இருக்கும் என்பதால், நீங்கள் ஒரே நேரத்தில் வைத்த 6 கிலோ அதன் சக்திக்குப் பல மடங்கு மீறியது. அடுக்கின் வெளிப்புறம் கல்லாக இறுகியிருக்கும்போதும் நடுவில் இருக்கும் துண்டுகள் நெடுநேரம் உறையாமல் கிடந்திருக்கும். மெதுவாக உறையும் மீனில் பனித்துகள்கள் பெரிதாக வளர்ந்து சதையின் நுண்ணறைகளைக் கிழிக்கின்றன. ஐஸ் இளகும்போது தட்டில் தண்ணீர் குளமாகத் தேங்குவதும், குழம்பில் போட்டதும் துண்டு உதிர்ந்துபோவதும் அதனால்தான்.

மீனின் வகையும் கணக்கை மாற்றும். எண்ணெய்ச் சத்து மிகுந்த மத்தி, கானாங்கெளுத்தி, சூரை, மடவை போன்றவை மைனஸ் 18இல்கூட இரண்டு, மூன்று மாதங்களுக்கு மேல் சுவையாக இருப்பதில்லை. வஞ்சிரமும் கானாங்கெளுத்தியின் குடும்பத்தைச் சேர்ந்ததே என்பதால் அதையும் இந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்புக் குறைந்த சங்கரா போன்றவை நான்கிலிருந்து எட்டு மாதம் வரை தாங்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தடவி வைத்தால் அதிக நாள் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் போடும் அளவு உப்பு வேறு. வறுவலுக்குத் தடவும் இந்தச் சிறிதளவு உப்போ உறைந்த மீனின் கொழுப்பை விரைவாகக் காறவைக்கும். மசாலா தடவிய மீனை முதலில் எடுத்துச் சமைத்துவிட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே ஓடத் தொடங்கிவிட்ட கணக்கு ஒன்று உண்டு. பல நாள் கடலில் தங்கி வரும் விசைப்படகின் மீன், கரை சேரும்போதே சில நாள்களை ஐஸில் கழித்திருக்கும். வாங்கிய நாளின் தரத்தை ஃபிரீசர் அதற்கு மேல் உயர்த்தாது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, வஞ்சிரம் ஆகியவை வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது. முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வருவதற்கு அது காரணமாகலாம். உறைய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. ஆகவே செவுள் வெளுத்த மீனை மலிவாகக் கிடைக்கிறதே என்று சேமிப்புக்காக வாங்காதீர்கள்.

மின்வெட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தனிக் கதவும் நல்ல குளிரும் உள்ள, நிறைய அடுக்கப்பட்ட ஃபிரீசர், திறக்காமல் வைத்திருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாக்குப்பிடிக்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் சிறிய அறைக்கு அந்தக் கணக்கைப் பொருத்த முடியாது. மின்சாரம் வந்தபோது மீனின் மேல் பனித்துகள்கள் இருந்து, துண்டுகள் கெட்டியாகவே இருந்திருந்தால் மீண்டும் உறைந்ததில் ஆபத்து இல்லை. சுவைதான் ஒரு படி குறையும். முழுவதும் இளகி, தொட்டால் குளிர்ச்சியே தெரியாத நிலைக்குப் போயிருந்தால், மறுபடி கல்லாக உறைந்திருந்தாலும் அது உண்ணத் தக்கதன்று. நீங்கள் பார்க்காத நேரத்தில் என்ன நடந்தது என்பதை அறிய ஒரு வழி உண்டு: சிறிய டம்ளரில் தண்ணீர் உறைந்ததும் அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃபிரீசரிலேயே விட்டுவிடுங்கள். நாணயம் பனிக்குள் அமிழ்ந்திருந்தால் இடையில் இளகியிருக்கிறது என்று பொருள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாததைப் பார்த்த பிறகு, இந்த டம்ளர் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும் என்றே சொல்லி வருகிறேன்.

மின்வெட்டுக்கு நிகரான இன்னொரு சிக்கல், நாமே அழுத்தும் டிஃப்ராஸ்ட் பொத்தான். பனி உருகி முடியும்வரை கம்ப்ரஸர் ஓடாது; உள்ளே இருக்கும் மீனும் சேர்ந்து இளகும். ஆகவே ஃபிரீசர் காலியாக இருக்கும் நாளில்தான் அதை அழுத்த வேண்டும்.

இனி வாங்கும்போது மீனைச் செவுளும் குடலும் நீக்கிக் கழுவி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, கெட்டியான பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றித் தட்டையாகப் பரப்பி வையுங்கள். பையின் மேல் தேதியை எழுதிவிடுங்கள். இறாலின் தலையைக் கிள்ளிவிட்டு, டப்பாவில் இட்டு, மூழ்கும்வரை குளிர்ந்த நீர் ஊற்றி உறைய வைத்தால் காற்றுப் படாது. சமைப்பதற்கு முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும். கத்திரி வெயிலில் சமையல் மேடையில் வைத்து இளக்குவது, காசு கொடுத்து வாங்கிய மீனைக் கிருமிகளுக்குப் படைப்பதற்குச் சமம்; 32 டிகிரிக்கு மேல் வெப்பம் உள்ள இடத்தில் ஒரு மணி நேரமே எல்லை. அவசரமென்றால் பையோடு குளிர்ந்த நீரில் போட்டு, அரை மணிக்கொரு முறை நீரை மாற்றுங்கள்.

மைனஸ் 18 டிகிரி ஃபிரீசர் உள்ளவர்களுக்கு, மீன் அல்லாத மற்ற உணவுகளின் கணக்கு: கோழித் துண்டுகள் ஒன்பது மாதம், கொத்துக்கறியும் ஈரலும் மூன்று, நான்கு மாதம், சமைத்த குழம்பு இரண்டு, மூன்று மாதம். உருளைக்கிழங்கு போட்ட குழம்பு மட்டும் மணல்போல ஆகிவிடும்.

தடைக்காலம் ஜூன் 14 வரை 61 நாள் நீடித்தாலும் அது விசைப்படகுகளுக்கானது. நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் கரையோரம் பிடித்து வருவதால் காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் கடலோரத்திலும் அன்றன்றைய மீன் கொஞ்சமாவது கிடைத்துக்கொண்டே இருக்கும். விலை கூடுதல்தான் என்றாலும், இரண்டு மாத மீனை அந்தச் சிறிய அறையில் அடைப்பதைவிட, வாரம் அரைக்கிலோ அப்படி வாங்குவதே நல்லது.

உங்கள் மீனை இன்றே எடுத்துப் பாருங்கள். மின்வெட்டின்போது கெட்டியாக இருந்ததாக உறுதியாகத் தெரிந்தால், ஒரு பொட்டலத்தை ஃபிரிட்ஜில் இளக்கி முகர்ந்து பாருங்கள். இறாலில் அம்மோனியா நெடியோ, வஞ்சிரத்தில் காறல் வாடையோ இல்லையென்றால், வாங்கி ஒரு வாரம் முடிவதற்குள் இறாலை முதலிலும் வஞ்சிரத்தை அடுத்தும் சமைத்து முடித்துவிடுங்கள். அன்று இளகிப்போனதா என்பதே தெரியவில்லை என்றால், விலையை நினைத்து மனம் தளராமல், ஆறு கிலோவையும் அப்புறப்படுத்திவிடுங்கள்.